சமதரையிலிருந்து ஒரு மலை மாவட்டத்தை எழுதும் முறை: ஷாங்லாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு

இலங்கையின் வடக்கிலுள்ள சமதரையான வன்னியில் புவியியல் கற்கும் மாணவரிடம் தாம் கண்ணால் காணாத ஒரு மாவட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னால், பெரும்பாலோர் எல்லை, பரப்பளவு, சனத்தொகை, பயிர், கைத்தொழில் என்ற வரிசையில் ஐந்து பந்திகளை எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பந்திகளில் பிழை இருப்பதில்லை. ஆனால் மாவட்டமும் இருப்பதில்லை. பல ஆண்டுகள் அவ்வாறான கட்டுரைகளைத் திருத்திய பழக்கத்தில், அவற்றை வேறு விதமாக எழுதும் வழி ஒன்றை இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது பாகிஸ்தானின் கைபர் பக்துன்குவா மாகாணத்திலுள்ள ஷாங்லா மாவட்டமாகும். அங்கே பெரும்பான்மையோர் பஷ்தூ பேசுகிறார்கள். 2017ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்த மாவட்டத்தில் நகரம் என்று வகுக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. 1995இல் சுவாத் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அதற்கு அல்பூரி தலைமையிடம். மேற்கே சுவாத், வடக்கே கோகிஸ்தான் பகுதி, கிழக்கே பட்டகிராம், தோர்கர், தெற்கே புனேர் ஆகியவை சூழ்ந்துள்ளன. எல்லைகளைப் பற்றி இவ்வளவு போதும்.

எழுதத் தொடங்குமுன் உங்கள் சொந்தக் கிராம சேவையாளர் பிரிவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் திறக்கிறார்கள், நிலம் யாருடையது, வீட்டில் இல்லாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற நான்கு வினாக்களுக்கு மட்டும் விடை எழுதுங்கள். அக்கராயனிலோ முத்தையன்கட்டிலோ வளர்ந்த ஒருவருக்கு இவை கடினமான வினாக்கள் அல்ல: குளம், துருசு (மதகு), வாய்க்கால், வான் (மிகைநீர் வழியும் இடம்) என்று சொற்கள் தாமாக வந்து விழும். அதே நான்கு வினாக்களையே ஷாங்லாவிடமும் கேட்கப் போகிறோம். ஆனால் விடைகள் வேறு வடிவத்தில் வரும் என்பதால், சமதரையில் பழகிய கண்ணைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் திருத்தம் உயரத்திலிருந்து தொடங்குகிறது. எங்கள் நிலப்படத் தாள்களில் சமவுயரக் கோடுகள் அரிதாகவே வருவதால், வன்னி மாணவர் ஒரு மலை நிலப்படத்தைப் பார்க்கும்போதும் அடிமட்டத்தை வைத்துக் கிலோமீற்றரை அளந்துவிட்டுத் தூரம் தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார். கூகிள் ஏர்த்தைத் திறந்து, சுவாத்திலிருந்து ஷாங்லாவுக்குள் நுழையும் கணவாய்க்கும் சிந்து நதிக் கரையிலுள்ள பெஷாம் ஊருக்கும் இடையே ஒரு கோடு வரைந்து, அதன் உயர வெட்டுமுகத்தைத் தாளில் படியெடுங்கள். கணவாய் ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திலும் பெஷாம் ஏறக்குறைய 600 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன; இடையே நேர்கோட்டுத் தூரம் 25 கிலோமீற்றர் அளவில்தான் வரும். கிடையாக 1 சென்ரிமீற்றருக்கு 2.5 கிலோமீற்றர், நிலைக்குத்தாக 1 சென்ரிமீற்றருக்கு 500 மீற்றர் என்று அளவுத்திட்டம் வைத்தால், 10 சென்ரிமீற்றர் நீளத்தில் 3 சென்ரிமீற்றர் இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். நிலைக்குத்து மிகைப்படுத்தல் ஐந்து மடங்கு என்பதை ஓரத்தில் குறித்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு மலையைச் சுவராக வருணித்த கட்டுரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னர் அதே அளவுத்திட்டத்தில் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைவரை ஒரு வெட்டுமுகம் வரையுங்கள். 65 கிலோமீற்றர் போனாலும் இறக்கம் 2 மில்லிமீற்றர்தான் வரும். இந்த இரண்டு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து முடித்தவருக்கு, அந்த ஊரில் தூரத்தை ஏன் நடை மணியால் சொல்கிறார்கள் என்பதை நான் விளக்க வேண்டியிராது.

மாவட்டத்தின் பெரும்பகுதி 2,000 மீற்றருக்கும் 3,000 மீற்றருக்கும் இடையே அமைந்திருக்கிறது. வடக்கிலுள்ள மிக உயர்ந்த இடம் ஏறக்குறைய 3,440 மீற்றர். உயரம் மாறும்போது மரமும் மாறும்: தாழ்ந்த சரிவுகளில் சீர் பைன், அதற்கு மேல் நீலப் பைனும் தேவதாருவும், அதற்கும் மேல் பிர், ஸ்புரூஸ் மரங்கள். எங்களுடைய பாலையும் முதிரையும் வீரையும் மண்ணையும் ஈரத்தையும் பார்த்து இடம் பிடிக்கின்றன. அங்குள்ள மரங்களுக்கு உயரமும், சரிவு வெயிலைப் பார்த்து நிற்கிறதா இல்லையா என்பதும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. ஆகவே வரைந்த வெட்டுமுகத்தின் மேலேயே மரங்களின் பெயர்களை எழுதிவிடுங்கள். தனிப் பந்தி தேவையில்லை.

அடுத்தது நீர். வன்னியில் மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்கிறது. அதைக் குளங்களில் மறித்து வைத்துத்தான் சிறுபோகம், அதாவது கோடை நெற்செய்கை, செய்கிறோம். ஷாங்லாவில் நீருக்கு இரண்டு பருவங்கள் உண்டு: குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் மழையையும் பனியையும் கொண்டுவருகின்றன, ஆடி, ஆவணி மாதங்களில் பருவக்காற்று மழை வருகிறது. குளம் கட்ட அங்கே இடமில்லை. ஓடையிலிருந்து சிறு வாய்க்காலை மலையின் விலாவோடு வெட்டிக் கொண்டுவந்து படிவயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். கோடைப் பயிராகச் சோளமும் குளிர்காலப் பயிராகக் கோதுமையும், தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் சிறிதளவு நெல்லும் விளைகின்றன. அல்பூரிப் பக்கத்திலிருந்து இறங்கிப் பெஷாமில் சிந்து நதியோடு கலக்கும் கான் குவர் என்ற ஓடையில் 72 மெகாவாற்று நீர்மின் நிலையம் ஒன்று இயங்குகிறது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கப்படும்போது கீழேயுள்ள கிராமங்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொல்ல நேரம் கிடைக்கிறது; 2018 மார்கழி வெள்ளத்தில்கூடத் தண்ணீர் ஏறியதைப் பார்த்துக்கொண்டே மூட்டை கட்டியவர்கள் இருக்கிறார்கள். மலை ஓடையில் வெள்ளம் கற்களோடும் மரங்களோடும் சில நிமிடங்களில் வந்துவிடும். 2025 ஓகஸ்ட் மாதத்தில் புனேரில் பேரழிவை உண்டாக்கிய வெள்ளம் அவ்வாறானது. அது ஷாங்லாவையும் தாக்கியது. வெள்ளம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் எழுதும்போது இந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்திலாவது சொல்லிவிட வேண்டும்.

இடப்பெயர்களைப் படிப்பது இந்த வேலையின் இனிமையான பகுதி. வன்னியின் நிலப்படத்தைத் திறந்தால் குளம், மடு, மோட்டை, கேணி, முறிப்பு என்று நீரின் பெயர்களே ஊர்ப் பெயர்களாக நிற்கின்றன. பஷ்தூவில் சர் என்றால் தலை, அதாவது உச்சி. கர் என்றால் மலை. குவர் என்றால் மலை ஓடை. கண்டாவ் என்றால் கணவாய். தரா என்றால் பள்ளத்தாக்கு. பாண்டா என்றால் மேட்டு நிலத்துச் சிறு குடியிருப்பு. கலே என்றால் கிராமம். இடுக்கான கணவாயைக் குறிக்கும் தங்கய் என்ற சொல்லை ஒரு மாணவி தங்கை என்று எழுதி, அதற்கு ஒரு கதையும் கற்பித்திருந்தார். கதை நன்றாகவே இருந்தது, ஆனால் மதிப்பெண் கொடுக்க முடியவில்லை. தோர் என்றால் கருப்பு என்பதைக் கற்றவுடன், அயல் மாவட்டமான தோர்கரின் பெயர் கருமலை என்று தானாக அவிழும். பர் என்றால் மேல், கூஸ் என்றால் கீழ். ஷாங்லாவில் பர்கானா என்றும் கூஸ்கானா என்றும் இரண்டு இடங்கள் உள்ளன. எங்கள் பக்கத்தில் இரட்டை ஊர்களைப் பெரிய, சின்ன என்று பிரிப்பதே மிகுதி. அங்கே மேல், கீழ் என்று பிரிக்கிறார்கள். யார் முதலில் ஓடை நீரைத் தொடுகிறார்கள் என்ற செய்தி அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது எண்களுக்கு வரலாம். மலை என்றால் ஆள் குறைந்த இடம் என்று நினைப்பது சமதரையாரின் வழக்கமான பிழை. ஷாங்லாவின் பரப்பு 1,586 சதுர கிலோமீற்றர். 2017இல் அதன் சனத்தொகை 757,810. முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 2,617 சதுர கிலோமீற்றர். 2012இல் இங்கே எண்ணப்பட்டவர்கள் 92,238 பேர். வகுத்துப் பார்த்தால் ஷாங்லாவில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 478 பேர், முல்லைத்தீவில் 35 பேர். முல்லைத்தீவின் எண் குறைந்திருப்பதற்குக் காடும் காரணம், போரும் காரணம். அதை நாம் அறிவோம். ஷாங்லாவின் எண்ணை விளங்கிக்கொள்ள, செங்குத்துச் சரிவையும் காட்டையும் கழித்துவிட்டு, மிஞ்சும் படிவயல்களின்மேல் அந்தச் சனத்தொகை முழுவதையும் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டின் சோள வயல் அந்த வீட்டாருக்கு ஆண்டு முழுவதும் சோறு போடாது என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். அதிலிருந்து அடுத்த வினா பிறக்கிறது: வீட்டில் இல்லாதவர்கள் எங்கே?

அவர்கள் நிலத்துக்குக் கீழே இருக்கிறார்கள். பாகிஸ்தானின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்வோரில் மிகப் பெரும் பங்கினர் ஷாங்லாவின் ஆண்கள்; பலுசிஸ்தானில் குவெட்டாவைச் சுற்றிய சுரங்கங்கள், டுக்கி, மச், கைபர் பக்துன்குவாவில் தர்ரா ஆதம் கேல் எனப் பல இடங்களில் தந்தையைத் தொடர்ந்து மகனும் இறங்குகிறான். ஷாங்லாவின் பொருளாதாரம் என்று எழுதும் பந்தியில் சோளத்துக்கு முன் இதைத்தான் எழுத வேண்டும், ஆயினும் மாவட்டத்தின் எல்லைக்குள் நடக்கும் வேலைகளை மட்டும் பட்டியலிடுகிறவர் இதை முழுவதுமாகத் தவறவிடுவார். 2018 மே மாதத்தில் குவெட்டாவுக்கு அருகே ஒரே நாளில் இரண்டு சுரங்கங்களில் நேர்ந்த விபத்துகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஷாங்லாவைச் சேர்ந்தவர்கள். நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து மூச்சிழந்து ஊர் திரும்பியவர்கள் இந்த எண்களில் வருவதில்லை. 2011இல் கோகாட் பக்கத்துச் சுரங்கமொன்றிலிருந்து ஷாங்லாவைச் சேர்ந்த தொழிலாளர் கடத்தப்பட்டனர். அவர்களில் 16 பேரின் எச்சங்கள் 2021இல்தான் கண்டெடுக்கப்பட்டன. அந்தப் பத்து ஆண்டுகளை அவர்களுடைய வீடுகள் எவ்வாறு கழித்திருக்கும் என்பதை வன்னியில் இருந்து எழுதுகிற ஒருவர் விரித்துரைக்கத் தேவையில்லை; ஆண்டுகளைச் சரியாக எழுதினால் போதும்.

ஆண்கள் வெளியே இருக்கும்போது வயலையும் மாட்டையும் விறகையும் நீரையும் பார்த்துக்கொள்பவர்கள் பெண்கள். பயணிகள் எடுத்த படங்களில் அவர்கள் தென்படுவதில்லை, ஏனெனில் அந்நியர் முன் வருவதில்லை. படத்தில் இல்லை என்பதற்காகக் கட்டுரையிலும் விட்டுவிடக் கூடாது. பெண்கள் நீர் மொள்ளும் துறைக்குக் கூதர் என்று பெயர். எங்கள் கிணற்றடியைப் போல அதுவும் பேச்சுக்கும் பாட்டுக்கும் உரிய இடம். லண்டை அல்லது தப்பா எனப்படும் ஈரடிப் பாடல்களில் அந்தத் துறை ஓயாமல் வருகிறது. முதலடியில் 9 அசையும் இரண்டாமடியில் 13 அசையும் கொண்ட அப்பாடல்களுக்குப் பெரும்பாலும் பாடியவர் பெயர் இல்லை. பல பெண்களின் வாயிலிருந்து வந்தவை. பெயருள்ள புலவரைக் குறிப்பிட வேண்டுமானால், பார்வையற்றவராக வாழ்ந்த சூபிக் கவிஞர் ஹாபிஸ் அல்பூரியை எழுதலாம். பெயரிலேயே ஊர் இருக்கிறது.

மக்களைப் பற்றி எழுதும்போது பஷ்தூன் என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அப்பகுதியின் நிலவுடைமையாளர் பெரும்பாலும் யூசுப்சாய் வழியினர். சாய் என்பது வழித்தோன்றல் என்பதையும், கேல் என்பது அதனுள் அடங்கிய கிளையையும் குறிக்கும். அவர்களோடு, மேட்டுச் சரிவுகளில் ஆடுமாடு மேய்த்தும் குத்தகைக்குப் பயிரிட்டும் வாழும் குஜ்ஜர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய மொழி குஜரி. வடக்கே கோகிஸ்தானி பேசுவோரும் உள்ளனர். 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இந்தச் சிறு மொழிகளுக்குத் தனி நிரல் இல்லாததால் அவை ‘ஏனையவை’ என்பதற்குள் அடங்கிப்போயின. எண்ணிக்கைப் பட்டியல் ஒன்றைப் பார்த்தவுடன், அதில் எந்த நிரல் இல்லை என்று பார்க்கப் பழகுங்கள். யார் யாரோடு சேர்த்து எண்ணப்பட்டார் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று இலங்கையில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலவுரிமைக்கு ஒரு முழுப் பந்தி ஒதுக்குங்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஷேக் மல்லி வகுத்ததாகச் சொல்லப்படும் வேஷ் என்ற முறையின்படி, யூசுப்சாய் கிளைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் நிலங்களைத் தமக்குள் மாற்றிக்கொண்டன. நல்ல நிலம் ஒரே குடும்பத்திடம் தங்கிவிடாதிருக்க அது வழிசெய்தது, ஆனால் குத்தகையாளனுக்கு அதில் பங்கில்லை. சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டுகளில் இரணைமடுவின் கீழ் ஏக்கர்களைப் பங்கிட்டு விதைப்பதை நினைத்துக்கொண்டால் இதன் நியாயம் ஓரளவு பிடிபடும். 1917இல் சுவாத் சமஸ்தானத்தின் ஆட்சிக்கு வந்த மியாங்குல் அப்துல் வதூத் இந்த மாற்றுமுறையை நிறுத்தி, அவரவர் கையிலிருந்த நிலத்தை நிலையாக்கினார். ஷாங்லா அந்தச் சமஸ்தானத்தின் பகுதியாக இருந்து, 1969இல் அதனோடு சேர்த்துப் பாகிஸ்தானுடன் இணைக்கப்பட்டது.

உறவுச் சொற்களிலும் நிலம் புகுந்திருக்கிறது. பெரியப்பாவின் மகனும் சித்தப்பாவின் மகனும் நமக்கு அண்ணன் தம்பி. பஷ்தூவில் அவர் தர்பூர், அந்தச் சொல்லுக்கே போட்டியாளன் என்ற பொருளும் ஏறிவிட்டது. பாட்டன் நிலத்தை ஆண்மக்கள் வழியே பிரிப்பதால் அடுத்த வரம்புக்காரர் எப்போதும் அவராகவே இருப்பார். தமிழில் பங்காளி என்ற சொல் பெற்ற கசப்பை எண்ணிப் பாருங்கள். சீதனமாகப் பெண்களுக்கும் காணி போகும் எங்கள் வழக்கத்தில் அந்தக் கசப்பு வேறு திசையில் போய்விட்டது என்பது என் கருத்து.

1954இல் சுவாத்தில் கள ஆய்வு செய்த நோர்வே மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் இவற்றையெல்லாம் விரிவாக எழுதினார். பின்னர் மானிடவியலாளர்களான தலால் அசாத்தும் அக்பர் அகமதும், அவர் நிலக்கிழார்களான கான்களின் கண்ணால் அந்தச் சமூகத்தைப் பார்த்துவிட்டார் என்று குறை கூறினர். இரு தரப்பையும் படியுங்கள். அதேபோல, அலெக்சாந்தர் முற்றுகையிட்ட அவோர்னோஸ் மலை ஷாங்லாவிலுள்ள பீர் சர்தான் என்று 1926இல் அவ்விடத்துக்குச் சென்ற தொல்லியலாளர் ஒளரல் ஸ்ரைன் வாதிட்டார்; வேறு அறிஞர்கள் இலம் மலையைச் சொல்கிறார்கள். இதற்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒரு மாவட்டத்தில் அலெக்சாந்தர் சில நாள்கள் நின்றதைப் பற்றி மூன்று பக்கமும், அங்கே நிலைத்து வாழ்வோரைப் பற்றி அரைப் பக்கமும் எழுதுவது கேலிக்குரியது.

வன்முறையையும் இடப்பெயர்வையும் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2007இன் பிற்பகுதியில் ஆயுதக்குழுவினர் சுவாத்திலிருந்து அல்பூரி வரை வந்தனர். 2009 மே மாதத்தில், போரின் முடிவில் வன்னி மக்கள் செட்டிகுளத்து முகாமின் முட்கம்பிகளுக்குள் வரிசையில் நின்ற அதே நாள்களில், சுவாத்தையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் விட்டு இருபது இலட்சம் அளவிலான மக்கள் தெற்கே இறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முகாம்களில் தங்கவில்லை. மர்தானிலும் சுவாபியிலும் உள்ள வீடுகளிலும் பாடசாலைகளிலும் ஹுஜ்ரா எனப்படும் விருந்தினர் கூடங்களிலும் தங்கினார்கள். பஷ்தூன்வாலி என்ற வழக்காற்றின் முதற் கடமையாக மெல்மஸ்தியா, அதாவது விருந்தோம்பல், சொல்லப்படுகிறது. அதைப் பற்றி எழுத விரும்புகிறவர் பொதுப்படையான புகழ்ச்சியை விட்டு இந்த நிகழ்வை எழுதலாம். நிலநடுக்கங்களுக்கு ஒரு வரி போதும்: 2005 ஒக்ரோபர் 8, 2015 ஒக்ரோபர் 26 ஆகிய இரு நாள்களிலும் ஷாங்லா மோசமாகப் பாதிக்கப்பட்டது.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒரே எழுத்துமுறையை இறுதிவரை கடைப்பிடியுங்கள். அந்தப் பகுதியில் தங்களைப் பக்தூன் என்றும் மொழியைப் பக்தோ என்றும் வன்மையாக ஒலிக்கிறார்கள். தெற்கே அதே எழுத்து ஷகரமாகிறது. எதை எழுதினாலும் பிழையில்லை, இரண்டையும் கலந்து எழுதுவதே பிழை.

இறுதியாக, நூலகத்தில் கிடைக்காத செய்திகளைக் கேட்டுப் பெறும் வழி. மல்லாவியிலோ விசுவமடுவிலோ வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியவர்கள் இல்லாத வீதி அரிது. அவர்களில் பலர் பட்டாண்களோடு, அதாவது பஷ்தூன்களோடு, ஒரே அறையில் ஆண்டுக்கணக்காகத் தங்கியவர்கள், ஒரே லொறியில் பயணித்தவர்கள். கொப்பியோடு போய் இருங்கள். அரசியலைக் கேட்க வேண்டாம். உடன் இருந்தவர் எந்த ஊர், விடுமுறைக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போனார், அனுப்பிய பணத்தில் என்ன செய்தார், வீட்டாரைப் பற்றிப் பேசும்போது யாரைப் பற்றிப் பேசினார் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், தன் அறைத்தோழர் ஊருக்குப் போகும் வழியைச் சொன்ன விதத்தை இப்படிச் சொன்னார்: விமானம் மூன்று மணி நேரம், பேருந்து ஓர் இரவு, ஜீப் அரை நாள், அதன் பிறகு நடை, நடையில் முதலில் தன் வீட்டுக் கூரை தெரியும், அதிலிருந்து வாசலுக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம்.